அழுத்தி எழுதாதவர்

பேனாவை அவர் பிடிக்கும் விதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்றவர்கள் பேனாவை அதன் முனைக்கு அருகில், விரல் நுனிகள் வெளுத்துப்போகும்படி இறுக்கிப் பிடிப்பார்கள். அவர் நடுப்பகுதிக்கும் மேலே, ஊதுவத்தியைப் பிடிப்பதுபோலப் பிடித்திருப்பார். தாளின்மேல் இறங்குவது பேனாவின் எடை மட்டுமே. அவருடைய எடை இறங்காது. கறுப்பு மை தயங்காமல் ஓடும், வளையும், நிற்கும். எழுதி முடித்ததும் தாளைத் தூக்கி லேசாக ஊதுவார். ஈரம் காய்ந்த பிறகுதான் கொடுப்பார். அந்த ஊதலுக்காகப் பக்கத்தில் நின்று காத்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் என் இளமையின் கணிசமான பகுதி அதில் போயிருக்கும் என்று அக்காலத்தில் எரிச்சலோடு நினைத்துக்கொள்வேன்.

எல்லோரும் அவரை டாக்டரம்மா என்றார்கள். அரசுப் பணியிலிருந்து முன்கூட்டியே விலகி, மைசூரு விஜயநகரில் தாம் கட்டிய வீட்டில் தனியாக இருந்தார். அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் பாதி எழும்பிய சுவர்களும் மணற்குவியலும் சவுக்குக் கழிகளால் கட்டிய சாரமும் கண்ணில் படும். அந்த வீடுகளைக் கட்டியவர்களில் பலர் தமிழ்நாட்டு எல்லையோரத்து ஹனூரிலிருந்தும் ராமாபுரத்திலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள். கட்டும் வீட்டுக்கு அருகிலேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். ஞாயிறு காலையில் டாக்டரம்மா தம் காரைத் தெருவில் நிறுத்திவிட்டு, காலியான ஷெட்டில் ஒரு மேசையும் பெஞ்சும் போட்டு, அவர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தார். சமூகப்பணியில் முதுகலை முடித்து வேலைக்காகக் காத்திருந்த நான் அவருக்கு உதவப் போனேன். உலகத்தைத் திருத்துவதை ஒரு கார் ஷெட்டிலிருந்து தொடங்கினாலும் பிழையில்லை என்று நம்பிய வயது எனக்கு.

அவருடைய கையைப் பற்றி நோயாளிகள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன் உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொள்வார். பிறகு அனுமதி கேட்பதுபோல வைப்பார். ஊசி போட்டுவிட்டு அவர் நகர்ந்த பிறகும் குழந்தைகள் அழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். “அந்தம்மா தொட்டா பூனை வந்து ஒக்காந்தாப்பல இருக்குதுங்க” என்று ஒருத்தி சொன்னாள். அது பாராட்டுத்தான். ஆனால் அந்தப் பூனையின் மென்மை அவருடைய வாழ்க்கை முழுவதிலும் பரவியிருந்தது என்பதும், அதனால் விளைவதை மற்றவர்கள் சுமக்க வேண்டியிருந்தது என்பதும் மெல்லத்தான் எனக்கு விளங்கியது.

அவர் எதையும் அழுத்துவதில்லை. அடுத்த வீட்டுக்குப் போனால் அழைப்புமணியை அழுத்தாமல் கேட்டுக்கு வெளியே நின்று இருமுவார். அவர்களுக்குக் கேட்காவிட்டால் திரும்பி வந்துவிடுவார். சந்தையில் தக்காளியை அழுத்திப் பார்க்கமாட்டார். கடைக்காரர் அள்ளிப் போட்டதை வாங்கி வருவார். பாதி அழுகியிருக்கும். “சாத்தமுதுக்கு ஆச்சு, விடு” என்பார். மேல்கோட்டையைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பம் அவருடையது. ரசம் அந்த வீட்டில் சாத்தமுதுதான்.

பேனா பற்றிய எங்கள் தகராறு முதல் மாதத்திலேயே தொடங்கிவிட்டது. என்னிடம் இருந்தது ஊரெல்லாம் விற்கும் பால்பாயிண்ட் பேனா. அவரிடம் இருந்தது ரோலர் பேனா. வெளிநாட்டில் இருந்த தம்பி ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பின்னால் அதுபோன்றவை தேவராஜ் அரசு சாலைக் கடைகளிலும் கிடைக்கத் தொடங்கின. நான் நோயாளிகளின் பெயரைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது அவர் எட்டிப் பார்த்தார்.

“ஏண்டீம்மா, ஆணியால சுவத்துல கீறற மாதிரி எழுதறயே. கை வலிக்கலையோ?”

“பழகிடுச்சு டாக்டர்.”

“வலி பழகிடுத்துன்னு சொல்றவாளுக்குத்தான் நான் வாராவாரம் மருந்து எழுதறேன்.”

தம் பேனாவை என் கையில் கொடுத்தார். எழுதிப் பார்த்தேன். உண்மையிலேயே அது எழுதுவதாகவே தெரியவில்லை. நனைந்த தரையில் சோப்பு வழுக்குவதுபோலப் போயிற்று.

“ரெண்டுலயும் முனையில உருண்டைதான்,” என்றார் அவர், மகிழ்ச்சியாக. “உன்னோடதுல இருக்கறது குழம்பாட்டம் எண்ணெய் மை. ஒட்டிண்டு உக்காந்திருக்கும். நீ அழுத்தி உருட்டினாத்தான் வெளியில வரும். இதுல தண்ணி மை. உருண்டை தாளைத் தொட்டாப் போறும், தானே வந்துடும்.”

“தானே வர்றதுதான் டாக்டர் பிரச்சினை.”

“தானே வரதுல என்னடி பிரச்சினை?”

என் பேனாவை நான் உயர்த்திப் பேசவில்லை. எழுத்தின் நடுவே கட்டி கட்டியாக மையைத் துப்பும். மார்கழிக் காலையில் உள்ளங்கைகளுக்கு இடையில் உருட்டிச் சூடேற்றாவிட்டால் வெறும் கோடுதான் விழும். ஆனால் எழுதியது எழுதியதாக நிற்கும். ஈரம் பட்டாலும் அசையாது. மலிவான தாளின் மறுபக்கத்துக்கு ஊறாது. அவருடைய பேனாவோ மூடியைத் திறந்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தால் காய்ந்துவிடும். பக்கத்தைப் புரட்டினால் முந்தைய நோயாளியின் நோய் அடுத்தவரின் பெயர்மேல் ஊறியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு துளி தண்ணீர் பட்டால் போதும், எழுத்து கலைந்துபோகும்.

ஒரு துளி தண்ணீருக்கு அங்கே பஞ்சமில்லை. சித்தாள் வேலை செய்யும் பெண்கள் மருந்துச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போவார்கள். ஈரச் சிமெண்டைத் தலையில் சுமந்து, மாலை வியர்வையோடு மருந்துக்கடைக்குப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக டாக்டரம்மா ஒவ்வொரு மருந்துக்கும் பக்கத்தில் படம் வரைவார். காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை. அந்தச் சூரியனுக்குக் கண்ணும் சிரிப்பும் இருக்கும். அவ்வளவு அழகான மருந்துச் சீட்டை நான் அதற்குப் பிறகு எங்கும் பார்த்ததில்லை. மாலைக்குள் சூரியனும் பிறையும் ஒன்றோடொன்று கரைந்து ஒரு கறுப்புக் குளமாகியிருக்கும்.

தெருமுனையில் இருந்த மருந்துக்கடைக்காரர் கன்னடக்காரர். எங்கள் தமிழையும் கொஞ்சம் பேசுவார். ஒருமுறை என்னைப் பார்த்ததும் ஒரு சீட்டைத் தூக்கிக் காட்டினார்.

“ஏன்ரீ மேடம், உங்க டாக்டரம்மா இந்த வாரம் கிரகணம் எழுதி அனுப்பிருக்காங்க. சூர்யனும் போய்ட்டான், சந்த்ரனும் போய்ட்டான். மாத்திரை எப்ப சாப்பிடணும், அமாவாசைக்கா?”

சிரித்துவிட்டுத்தான் வந்தேன். ஆனால் ஒரு தாய், காலை மருந்தையும் இரவு மருந்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளை பகலெல்லாம் சுருண்டு தூங்குகிறதென்று ஓடிவந்த ஞாயிறன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டரிடம் சொன்னேன். அவர் அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நாடியைப் பார்த்து, ஒன்றுமில்லையென்று தாயின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“மறுபடி எழுதிக் குடுத்தா ஆச்சு. அதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வெச்சுண்டிருக்கே?”

மறுபடி எழுதிக் கொடுத்தார். அதே பேனாவால், அதே சிரிக்கும் சூரியனோடு. எந்தப் பிழைக்கும் அவரிடம் இருந்த ஒரே பரிகாரம் அதுதான்: மறுபடி எழுதுவது, மறுபடி வரச்சொல்வது, மறுபடி பார்ப்பது. உலகம் எத்தனை முறை வேண்டுமானாலும் தன்னைத் திருப்பிக் கொடுக்கும் என்று அவர் நம்பினார். சொத்தும் படிப்பும் உள்ளவர்களுக்கு அது பெரும்பாலும் உண்மைதான். கொட்டகையில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை என்பதை நான் எத்தனையோ விதங்களில் சொல்லிப் பார்த்தேன். கவனமாகக் கேட்பார், தலையை ஆட்டுவார், காப்பி கொடுப்பார்.

கொட்டகைகளுக்குத் தண்ணீர்க் குழாய் கிடையாது. கட்டடத்துக்கென்று தோண்டிய தொட்டியிலிருந்து குடத்தில் எடுத்துப் போவார்கள். வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் வருகிறது என்று கண்டுபிடித்தவர் டாக்டரம்மாதான். ஒரு பொதுக்குழாய் கேட்டு அதிகாரியை நேரில் பார்க்கவும் போனார். முகம் மலர்ந்து திரும்பி வந்தார்.

“ரொம்ப நல்ல மனுஷர். பார்க்கறேன்னு சொன்னார்.”

“எப்பன்னு கேட்டீங்களா டாக்டர்?”

“அவரே பார்க்கறேங்கறார். அதுக்கு மேல கேட்டா அவருக்குச் சங்கடமா இருக்காதோ?”

குழாய் வரவில்லை. கோடையில் கொட்டகை கொட்டகையாக நோய் பரவியபோது, உப்புச் சர்க்கரைக் கரைசலைத் தாமே கலக்கிக் குடத்தில் எடுத்துக்கொண்டு, தகரம் கொதிக்கும் வெயிலில் ஒவ்வொரு வாசலிலும் குனிந்து நுழைந்து அவரே புகட்டினார். அந்த நாட்களில் அவரை வணங்கத் தோன்றியது. அதே அளவுக்கு அவர்மேல் கோபமும் வந்தது. இரண்டு கைகளாலும் மருந்தை ஏந்திக்கொண்டு வருவார்; ஒரு கதவை மட்டும் தள்ளமாட்டார்.

சாரம் சரிந்தோ சுவர் இடிந்தோ யாராவது அடிபட்டால், அந்த ஆள் வேலை செய்யும்போது விழவில்லை என்று சொல்லிவிடுவது ஒப்பந்ததாரர்களின் வழக்கமாக இருந்தது. வேலையிடத்தில் விழுந்தவரானால் வைத்தியத்தை அவர்கள்தான் ஏற்க வேண்டும். அதனால் நான் ஒரு காயச் சான்றுப் புத்தகம் அச்சடித்தேன். மூன்று மூன்று தாள்கள், இடையில் கார்பன். வெள்ளைத் தாள் ஒப்பந்ததாரருக்கு, மஞ்சள் தாள் தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு, இளஞ்சிவப்புத் தாள் எங்களுக்கு. டாக்டரை எனக்கு நன்றாகத் தெரியும் என்பதால், புத்தகத்தின் முதுகில் துளையிட்டு, சணல் கயிற்றில் ஒரு பால்பாயிண்ட் பேனாவையும் கட்டி வைத்தேன்.

“இதென்னடி, கன்னுக்குட்டியைக் கட்டற மாதிரி பேனாவைக் கட்டிருக்கே?”

“இந்தப் புத்தகத்துல மட்டும் இதாலதான் எழுதணும் டாக்டர். உங்க பேனாவுக்கு அழுத்தம் போதாது. கீழ இருக்கற தாள்ல விழாது.”

“சரி சரி, கட்டி வெச்சவளுக்குக் கட்டுப்படறேன்” என்று சிரித்தார்.

மாதம்மா விழுந்த ஞாயிறு பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூரைக் கான்கிரீட் போட்டார்கள். அந்த வேலை ஞாயிறென்று நிற்காது. மாதம்மா ராமாபுரத்துப் பெண். பேச்சில் துடுக்கு, நடையில் வேகம். சாரத்தின் பலகை விலகி, கான்கிரீட் சட்டியோடு கீழே வந்துவிட்டாள். வலது முழங்கையைக் கீழே ஊன்றியிருக்கிறாள். அவளுடைய கணவனும் ஒப்பந்ததாரரும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். ஒப்பந்ததாரர் நகரத்துத் தமிழர். சட்டைப்பையில் எப்போதும் சீப்பு வைத்திருப்பவர்.

“நம்ம ஆளு மேடம், நான் பாத்துக்கறேன். ஓனருக்குக் காட்டணும், ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்துடுங்க, ஆய்த்து” என்று அவர் டாக்டரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. டாக்டர் அதற்குள் மாதம்மாவின் கையை மரச் சட்டத்தில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். எலும்பு பல துண்டாகியிருந்தது. பிளேட் வைத்து அறுவை செய்ய வேண்டும், பிளேட்டையும் திருகாணிகளையும் வெளியே வாங்கி வர வேண்டும், தாமதிக்கக் கூடாது என்றார்கள்.

பிற்பகலில் ஷெட்டுக்குத் திரும்பினேன். கயிற்றில் கட்டிய பேனா மூடி கழற்றப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. புத்தகத்தைத் திறந்தேன். வெள்ளைத் தாள் கிழிக்கப்பட்டிருந்தது. மஞ்சள் தாளில் ஒரு சொல்கூட இல்லை. இளஞ்சிவப்புத் தாளிலும் இல்லை. இரண்டிலும் ஆங்காங்கே புள்ளிகள் மட்டும் இருந்தன. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பேனாவைச் சற்று ஊன்றி நிறுத்துவது அவர் வழக்கம். அந்த முற்றுப்புள்ளிகள் மட்டும் கார்பனைத் தாண்டிக் கீழே இறங்கியிருந்தன.

“டாக்டர், இதைப் பாருங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “அட, விழவே இல்லையா? அந்தக் கயித்துப் பேனா கைக்கு எட்டலைடி. அவ வலியில முனகிண்டிருக்கா, அவர் அவசரப்படறார். என்னோடதுலயே எழுதிட்டேன். அவர்கிட்டதான் நல்லா எழுதின தாள் இருக்கே?”

“அவர்கிட்ட இருக்கறதுதான் டாக்டர் பயமா இருக்கு.”

“நீ மனுஷாளை ரொம்பச் சந்தேகப்படறே. கார்த்தால ஆட்டோவுல ஏத்தறச்சே அவர்தானே காலைப் பிடிச்சுண்டார்?”

அந்த வாரம் ஒப்பந்ததாரரைத் தேடிப்போனேன். சீப்பை எடுத்து ஒருமுறை வாரிக்கொண்டுதான் பதில் சொன்னார்.

“எந்த சீட்டு மேடம்? எங்கிட்ட யாரும் எதுவும் குடுக்கல. அந்தம்மா கொட்டகைல தண்ணிக் கொடத்தோட வழுக்கி விழுந்துச்சு. நான் மனுஷத்தனமா தூக்கிட்டு வந்தேன். அதுவும் தப்பாப் போச்சு பாருங்க.”

வராத குழாய் அவருக்கு இப்படிக் கைகொடுத்தது. அங்கே குடத்தோடு வழுக்கி விழுவது அன்றாடம் நடப்பது, யாரும் நம்பக்கூடியது. கூட வேலை செய்தவர்கள் தாங்கள் பார்க்கவில்லை என்றார்கள். அவர்களுக்கு அடுத்த கூரை வேலையும் அவர் கொடுப்பதுதான்; அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

டாக்டரிடம் வந்து சொன்னபோது அவர் உண்மையாகவே வருந்தினார். அவருடைய வருத்தமும் உடனே ஒரு மென்மையான வழியைக் கண்டுபிடித்துவிட்டது. பிளேட்டைத் தாமே வாங்கித் தருவதாக மாதம்மாவிடம் சொன்னார். கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாதம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏனுங்க, நானு விழுந்தது உங்கூட்டுச் சாரத்துலீங்களா?”

“இல்லம்மா, ஆனா கை...”

“அப்பறம் நீங்க எதுக்குங்க வாங்கோணும்? வாங்கிக்கிட்டா, பாத்தியா, கொட்டாயில விழுந்தவதான்னு நாளைக்கு அவன் பேசுவான். எங்கூட்டுக்காரரும் அங்கதான் சாரத்துமேல நிக்கறாரு. அவரு விழுந்தாலும் கொடத்தோட விழுந்தாருன்னுதான் சொல்லுவான். வேண்டாங்க.”

கணவன் அவளை ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் ஒரு பார்வை பார்த்தாள், நிறுத்திக்கொண்டான்.

அவள் மறுத்தது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். அந்தச் சரியை ஒரு முறிந்த முழங்கை சுமந்துகொண்டிருந்தது என்பதையும் மறக்கவில்லை. நாட்கள் ஓடின. மஞ்சள் தாளை எடுத்துக்கொண்டு நான் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏனம்மா இது? ரங்கோலிக்குப் புள்ளி வெச்சுட்டு வந்திருக்கீங்க. கோலம் எங்கே?”

விளக்கினேன். அவர் கெட்டவர் அல்லர். இன்றைய தேதியில் புதிதாக ஒரு சான்று எழுதிக்கொண்டு வந்தால் யாரும் ஏற்கமாட்டார்கள் என்றார். பழைய தேதி போட்டால் அது பொய்ச் சான்று. டாக்டர் நேரில் வந்து, ஒப்பந்ததாரரை வைத்துக்கொண்டு, தாம் பார்த்ததையும் யாரிடம் தாள் கொடுத்தார் என்பதையும் எழுதிக் கையெழுத்திட்டால் தாம் நடவடிக்கை எடுக்கலாம் என்றார்.

இதை டாக்டரிடம் சொன்ன பிறகுதான் என் பொறுமைக்கு உண்மையான சோதனை வந்தது. வரமாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. ஒரு வாரம் ஜலதோஷம். ஒரு வாரம் தம்பி மனைவி வந்திருந்தார். இன்னொரு வாரம், “ஒப்பந்ததாரர் தானாவே மனசு மாறிடுவார்னு தோணறது, ஸ்வல்ப பார்க்கலாமே” என்றார். கடைசியில் நான் மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டேன்.

“டாக்டர், உங்களுக்கு உண்மையிலேயே என்ன தயக்கம்?”

அவர் பேனாவின் மூடியைத் திருகித் திருகி மூடினார். “நாலு பேர் முன்னாடி ஒருத்தரைப் பொய்யன்னு சொல்லணுமேடி. முகம் எப்படிப் போகும் அவருக்கு?”

“நீங்க சொல்லலேன்னா மாதம்மாதான் பொய்க்காரி ஆகறா. அவ முகம் எப்படிப் போச்சுன்னு நீங்க பார்க்கலையா?”

அவர் பேனாவைக் கைப்பையில் போட்டார். பிறகு எழுந்து உள்ளே போய், வெளியில் போகும்போது கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார்.

அலுவலகத்தில் அதிகாரியின் மேசைக்கு ஒருபுறம் ஒப்பந்ததாரர் உட்கார்ந்திருந்தார். மறுபுறம் எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். மாதம்மா உட்காராமல் சுவரோரம் நின்றாள். அதிகாரி மூன்று தாள்களைக் கார்பனோடு அடுக்கி டாக்டரின் முன்னால் தள்ளினார். டாக்டர் வழக்கம்போலக் கைப்பையைத் திறந்து தம் பேனாவை எடுத்தார்.

“அது பேடா மேடம்,” என்று அதிகாரி அந்தப் பேனாவை மறுத்து, தம் மேசையில் கிடந்த பால்பாயிண்டை நீட்டினார். “இதுல எழுதுங்க. ஒத்தி பரீரி.”

அழுத்தி எழுதுங்கள் என்பதற்குக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். டாக்டர் எழுதத் தொடங்கினார். ஒரு பத்தி முடிந்ததும் அதிகாரி அடித்தாளைத் தூக்கிப் பார்த்துத் தலையை அசைத்தார். நிழல்போல ஏதோ விழுந்திருந்தது, படிக்க முடியவில்லை. புதிய தாள்களை வைத்தார். “ஒத்தி மேடம், ஒத்தி.”

இந்த முறை டாக்டர் பேனாவை முனைக்கு அருகில் பிடித்தார். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தார். அவருடைய விரல் நுனி வெளுப்பதை நான் பார்த்தேன். மை கட்டி கட்டியாக விழுந்தது. அவருடைய வடிவான எழுத்து கோணிற்று. ஓரிடத்தில் தாள் கிழியவும் செய்தது. ஒப்பந்ததாரர் முன்னால் சாய்ந்து, பணிவான குரலில் சொன்னார்:

“மேடம், நீங்க பெரிய மனுஷங்க. இந்தக் கூலிக்காரங்க விஷயத்துல உங்களுக்கு எதுக்கு மேடம் இவ்வளவு கஷ்டம்?”

டாக்டர் தலையைத் தூக்கவில்லை. “ஒரு நிமிஷம் இருங்கோ,” என்றார். “உங்க பேரைத்தான் எழுதிண்டிருக்கேன். அழுத்தி எழுதணுமாம்.”

மூன்றாவது தாளிலும் எல்லாம் விழுந்திருந்தது. அதைப் படித்துக் காட்டியபோது ஒப்பந்ததாரர் சீப்பைத் தொட்டார், ஆனால் எடுக்கவில்லை. அந்த வாரமே பிளேட் வாங்கிக் கொடுத்தார். மற்ற செலவையும் ஏற்றார். அறுவை நடந்தது. எலும்பு ஏற்கனவே கோணலாகக் கூடத் தொடங்கிவிட்டதாகவும், அதைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டியிருந்ததாகவும் சொல்லிவிட்டு, முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்று அங்கிருந்த மருத்துவர் என்னிடம் கேட்டார். யாரிடம் கேட்க வேண்டிய கேள்வியை யாரிடம் கேட்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அலுவலகத்துக்குப் போய்வந்த அடுத்த ஞாயிறு டாக்டரம்மா ஷெட்டில் உட்கார்ந்து, ஆள்காட்டி விரலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் பதிவேட்டை விரித்தேன். முதல் நோயாளி வந்ததும் அவர் கைப்பையிலிருந்து எடுத்தது அதே ரோலர் பேனா. என் பார்வையைக் கண்டுவிட்டார்.

“மருந்துச் சீட்டுக்குக் கார்பன் வேண்டாமேடி” என்றார், குற்றவாளியைப்போலச் சிரித்துக்கொண்டு. சூரியனுக்குக் கண் வரைந்தார். ஊதினார். அந்த மனிதரை என்ன செய்வது? பிறகு எத்தனையோ ஊர்களில், எத்தனையோ அலுவலகங்களில் வேலை செய்திருக்கிறேன். மேசையைத் தட்டிப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் அவர் கை இருந்ததில்லை. அந்தக் கையைப் போற்றவும் முடியாமல், மன்னிக்கவும் முடியாமல் இத்தனை வருடங்கள் போய்விட்டன.

கட்டைப் பிரித்த பிறகு ஒரு ஞாயிறு மாதம்மா வந்தாள். கை முழுவதும் நீளவில்லை. சட்டியைப் பிடிப்பதற்கு எவ்வளவு மடங்க வேண்டுமோ அவ்வளவு மடங்கவும் இல்லை. டாக்டர் வழக்கம்போல உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, அவளுடைய முழங்கையைத் தொட்டார். அங்கிருந்து மெல்ல மணிக்கட்டுக்கு வந்தார். பிறகு மோதிர விரலையும் சுண்டு விரலையும் பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்.

“இங்க தொடறேனே, தெரியறதாம்மா?”

“எங்கீங்க?”

“இதோ, இந்த விரல்ல.”

“நல்லா அழுத்துங்க டாக்டரம்மா. அங்க ஒண்ணுந் தெரியறதில்லீங்க.”

அவர் அழுத்தினார். தம் நகம் வெளுக்கும்வரை அழுத்தினார். மாதம்மா முகத்தைத் திருப்பி, தெருவில் நின்ற காரின்மேல் ஏறி விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அழுத்துங்கன்னு சொன்னனுங்களே,” என்றாள்.